ஒரு அரேயை எத்தனை முறை ஜெராக்ஸ் எடுப்பது?

போன மாதம் ஒரு சின்ன வேலையைக் கையில் எடுத்தேன். தமிழில் எந்த எழுத்துக்குப் பின்னால் எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ண வேண்டும், அதோடு ஒரு நாவல் அத்தியாயம் அத்தியாயமாக நகர நகர அந்த எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்றும் பார்க்க வேண்டும். மதுரைத் திட்டத்தின் தளத்திலிருந்து ஒரு பழைய நாவலை இறக்கிக்கொண்டேன். 60 அத்தியாயம், கிட்டத்தட்ட 10 லட்சம் யுனிகோட் குறிகள். நிரல் எழுத ஹாஸ்கெல், எனக்குப் பிடித்த மொழி அது.

யுனிகோடில் தமிழுக்கு ஒதுக்கியிருப்பது 128 இடங்கள், 2944-இல் தொடங்கி 3071 வரை. ஒரு குறியின் எண்ணிலிருந்து 2944-ஐக் கழித்தால் 0 முதல் 127 வரைக்குள் ஓர் எண் கிடைக்கும். க என்றால் 21, துணைக்கால் என்றால் 62, புள்ளி என்றால் 77. பூஜ்யத்தில், அதாவது 2944-ஆம் இடத்தில், எழுத்து எதுவும் இல்லை, காலியாகவே விட்டிருக்கிறார்கள், அதனால் இடைவெளி, காற்புள்ளி, மற்ற எல்லாவற்றையும் அதில் போட்டேன். ஆக அட்டவணை 128-க்கு 128. வரிசைக்கு ஓர் எழுத்து, பத்திக்கு அடுத்த எழுத்து. மொத்தம் 16,384 கட்டம், கட்டத்துக்கு 8 பைட், கூட்டினால் 131,072 பைட். 128 கேபி தான். இந்தக் காலத்தில் இது ஒன்றுமே இல்லை.

முதலில் எழுதியது மனதுக்கு வந்தபடி எழுதியது. மாறாத அரே ஒன்று, அதாவது ஒருமுறை உண்டாக்கினால் பிறகு திருத்த முடியாத கட்டங்களின் வரிசை, எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். உரையை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போவது, ஒவ்வொரு ஜோடிக்கும் அந்தக் கட்டத்தில் ஒன்றைக் கூட்டிய புதிய அரேயை உருவாக்குவது. ஹாஸ்கெலில் அதற்கு இரட்டைச் சாய்கோடு இருக்கிறது, //. இடது பக்கம் பழைய அரே, வலது பக்கம் எந்தக் கட்டத்தில் என்ன மாற்றம் என்ற பட்டியல், விடையாக வருவது புதிய அரே. பழையது அப்படியே இருக்கும். பார்க்க அழகாக இருந்தது. ஓட விட்டால் அரை நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை, மின்விசிறி சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. பழையது அப்படியே இருக்க வேண்டும் என்றால் புதியதை முழுக்க நகலெடுத்தாக வேண்டும். ஒரு கட்டத்தை மாற்ற 16,384 கட்டமும் நகல். 128 கேபியை 10 லட்சம் முறை நகலெடுத்தால் 131 ஜிபி. ஒரு நாவலில் எழுத்து எண்ணுவதற்கு 131 ஜிபி நினைவகத்தில் அங்கும் இங்கும் போய் வருகிறது, அதில் உண்மையான வேலை என்று பார்த்தால் 10 லட்சம் கூட்டல்.

சரி, இதற்கு மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான், மாற்றக்கூடிய அரே. ஹாஸ்கெல் சுத்தமான மொழி, அதாவது ஒரு ஃபங்ஷன் விடையைத் தருவதைத் தவிர வெளியே எதையும் மாற்றாது, அதில் எப்படி மாற்றுவது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். 1994-இல் ஜான் லாஞ்ச்பரியும் சைமன் பெய்ட்டன் ஜோன்ஸும் எஸ்டி மோனாட் என்ற ஒன்றை முன்வைத்தார்கள். அதை ஒரு அறை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் நீங்கள் எதை வேண்டுமானாலும் அழித்து எழுதலாம், ஆனால் அந்த அறைக்குள் உண்டான மாறும் பொருள் எதுவும் வாசலைத் தாண்டி வெளியே வரக்கூடாது. உள்ளே நடந்த அழிச்சாட்டியம் வெளியே யாருக்கும் தெரியாது என்றால், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சுத்தமான ஃபங்ஷன்தானே. இதைக் காவல் காப்பது டைப் செக்கர், எந்த மதிப்பு என்ன வகை என்று கம்பைல் செய்யும்போதே சரிபார்க்கும் பகுதி. எஸ்டி டைப்பில் எஸ் என்று ஒரு டைப் மாறி தொங்கிக்கொண்டிருக்கும், எந்த மதிப்பையும் குறிக்காது, அந்த அறையின் அடையாளச் சீட்டு மாதிரி. அறைக்குள் செய்த அரேயின் டைப்பிலும் அதே எஸ் ஒட்டியிருக்கும், அதனால் வெளியே கொண்டுவரப் பார்த்தால் நிரல் கம்பைல் ஆகாது. ஓடும்போது சரிபார்ப்பு எதுவும் கிடையாது, செலவும் கிடையாது. எனக்கு இந்த யோசனையின் மேல் இன்றைக்கும் பெரிய மரியாதை உண்டு.

இப்போது அறைக்குள் நிரப்பிய அரேயை வெளியே கொடுக்க வேண்டும், வெளியே போவதற்கு அது மாறாத அரே ஆக வேண்டும். இதற்கு நூலகத்தில் ஃப்ரீஸ் என்று ஒரு ஃபங்ஷன், உறைய வைப்பது. எதிர்த்திசைக்கு தாவ், உருக்குவது. இரண்டுமே முழு நகல் எடுக்கும். ஃப்ரீஸ் என்பது உங்கள் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து அடுத்தவரிடம் கொடுப்பது. நோட்டு உங்களிடமே இருக்கிறது, நீங்கள் தொடர்ந்து எழுதலாம், அவர் கையில் இருக்கிற ஜெராக்ஸ் மாறாது. கூடவே அன்சேஃப்ஃப்ரீஸ் என்று இன்னொன்று. அது ஜெராக்ஸ் எடுக்காது, நோட்டையே நீட்டிவிட்டு, இனி இது மாறாது என்று வாய்வார்த்தையாகச் சொல்லும். பேனா இன்னும் உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

நான் செய்த தப்பு இங்கேதான்.

10 லட்சம் நகலால் அடிபட்டவனுக்கு நகல் என்ற சொல்லே பிடிக்காமல் போயிருந்தது. எஸ்டி அறைக்குள் ஒரே ஒரு மாறும் அரே, ஒவ்வொரு ஜோடிக்கும் கட்டத்தைப் படி, ஒன்று கூட்டு, திரும்ப எழுது. அத்தியாயம் முடிந்ததும் அந்த நேரத்து எண்ணிக்கையை எடுத்து வைக்க வேண்டும், அதற்கு அன்சேஃப்ஃப்ரீஸ். அப்புறம் அடுத்த அத்தியாயம், அதே அரேயில் தொடர்ந்து எழுது. கடைசியில் 60 மாறாத அரேகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியே அனுப்பு.

முதல் மூன்று அத்தியாயத்தை வைத்து ஜிஎச்சிஐயில், அதாவது கம்பைல் செய்யாமலே நிரலை உடனே ஓட்டிப் பார்க்கும் ஹாஸ்கெல் கருவியில், சோதித்தேன். க-வுக்குப் பின் புள்ளி வருகிற கட்டத்தை, அதாவது 21, 77 என்ற கட்டத்தை, அச்சடித்துப் பார்த்தேன். முதல் அத்தியாயத்தில் ஓர் எண், இரண்டாவதில் அதைவிடப் பெரியது, மூன்றாவதில் இன்னும் பெரியது. முதல் அத்தியாயத்தை எடிட்டரில் திறந்து க் என்று தேடியும் சரிபார்த்தேன், ஒத்துப்போனது. திருப்தியாக ஓ2, அதாவது நிரலை வேகப்படுத்தச் சொல்லும் ஆப்டிமைசேஷன், போட்டு கம்பைல் செய்து முழு நாவலையும் கொடுத்தேன். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. விடையைப் பார்த்தால் 60 அத்தியாயத்துக்கும் ஒரே எண். முதல் அத்தியாயத்திலேயே முழு நாவலின் மொத்தமும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஒரே எண் வந்ததற்குக் காரணம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. 60 அரே என்று நான் நினைத்தது ஒரே நினைவிடத்துக்கு 60 பெயர். கடைசி அத்தியாயம் எழுதியது எல்லாப் பெயரிலும் தெரிகிறது. இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது வேறு கேள்வி. ஜிஎச்சிஐயில் ஏன் சரியாக வந்தது? அதே மூன்று அத்தியாயத்தை கம்பைல் செய்து ஓட்டினால் தப்பு, ஜிஎச்சிஐயில் ஓட்டினால் சரி. நிரலில் ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்லை.

கடைசியில் அரே நூலகத்தின் மூலநிரலைத் திறந்து படித்தேன். அன்சேஃப்ஃப்ரீஸின் வரையறை ஒரே வரி, அதில் இருப்பது வெறும் ஃப்ரீஸ். ஆமாம், இயல்பாக அதுவும் நகல்தான் எடுக்கிறது! அதற்குக் கீழே கம்பைலருக்கு ஒரு மாற்று விதி எழுதியிருக்கிறார்கள், இன்ன டைப் அரேயிலிருந்து இன்ன டைப் அரேக்குப் போகிறது என்று உறுதியாகத் தெரிந்தால், இந்த அழைப்பை எடுத்துவிட்டு நகல் எடுக்காத வடிவத்தை அந்த இடத்தில் வை என்று. மாற்று விதிகள் வேலை செய்வது ஆப்டிமைசேஷன் போட்டுக் கம்பைல் செய்யும்போது மட்டும். ஜிஎச்சிஐ என் நிரலை அப்படியே வரிவரியாக நடத்திக்கொண்டு போகிறது, விதியைத் தொடவே இல்லை, அதனால் அங்கே எனக்குக் கிடைத்தது பாதுகாப்பான ஜெராக்ஸ். நகல் இல்லாத வடிவம் வேண்டுமானால் ஆப்டிமைசேஷன் போட்டாக வேண்டும் என்று நூலகத்தின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள், நான் அதை வேகக் குறிப்பு என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். அன்சேஃப் என்று தொடங்கும் ஃபங்ஷனைப் பயன்படுத்தும் நிரலை ஜிஎச்சிஐயில் மட்டும் சோதித்துவிட்டு நம்பாதீர்கள். ஓடப்போகிற அதே ஓ2-வோடு கம்பைல் செய்து சோதியுங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் சொல்லத் தயார்.

இதே விதி சங்கதியால் இன்னொரு பக்கமும் அடி விழும். எல்லா மாறும் அரேக்கும் பொருந்துகிற மாதிரி பொதுவான டைப் கொடுத்து ஒரு ஃபங்ஷன் எழுதினால், உள்ளே எந்த அரே என்று கம்பைலருக்குத் தெரியாமல் போகலாம். அப்போது விதி பொருந்தாது. ஒரே மூச்சில் மொத்த நினைவகத்தையும் பெயர்த்து வைக்க வேண்டிய ஃப்ரீஸ், கட்டம் கட்டமாகப் படித்து எழுதும். விடை சரியாகத்தான் வரும், நேரம் மட்டும் பல மடங்கு ஆகும். அதனால் இப்படிப்பட்ட உள்வேலைகளில் நான் டைப்பை வெளிப்படையாக எழுதிவிடுகிறேன், எஸ்டி அறைக்குள் வைக்கும் எண் அரே என்றால் எஸ்டியுஅரே, இன்ட், இன்ட் என்று. பொதுமைப்படுத்துவதில் எனக்கும் ஆசை உண்டு, ஆனால் அதற்கான இடம் இது இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெறும் எண்களை அடுக்கிய அன்பாக்ஸ்டு அரே என்றால், மாறுவதற்கும் மாறாததற்கும் நினைவகத்தில் எந்த வித்தியாசமும் இல்லை, அன்சேஃப்ஃப்ரீஸ் டைப்பில் மட்டும் நடக்கிற பெயர் மாற்றம். பாயின்டர்களை, அதாவது மதிப்பு வேறெங்கே இருக்கிறது என்று காட்டும் முகவரிகளை, அடுக்கிய சாதாரண அரே அப்படி இல்லை. மாறும் அரேக்குள் யாராவது புதிதாக ஒரு பொருளை எழுதி வைத்தார்களா என்று குப்பை பொறுக்கும் கார்பேஜ் கலெக்டர் கண்காணித்தாக வேண்டும், அதற்காக 128 கட்டத்துக்கு ஒரு குறி என்று வைத்து எந்தப் பகுதி மாறியது என்று கணக்கு வைக்கிறது. உறைய வைத்தால் அரேயின் தலைப்பில் இனி இது மாறாது என்று குறிக்கப்படுகிறது, கலெக்டருக்கும் வேலை குறைகிறது. எண்ணிக்கை மாதிரி வேலைக்கு அன்பாக்ஸ்டு தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள். சாதாரண அரேயில் ஒன்று கூட்டு, ஒன்று கூட்டு என்று எழுதினால் கூட்டிய விடை உட்காராது, பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற வாக்குறுதிகள் சங்கிலியாக நீண்டு நினைவகத்தைத் தின்னும்.

அப்படியானால் அன்சேஃப்ஃப்ரீஸைத் தொடவே கூடாதா? அப்படி இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உறைய வைத்த பிறகு அந்த மாறும் அரேயில் எழுத யாராவது மிச்சம் இருக்கிறார்களா? இல்லை என்றால் ஜெராக்ஸ் வீண். அறையின் கடைசி வேலையாக உறைய வைத்தால் மிச்சம் இருக்க யாருக்கும் வழியே இல்லை. அந்த ஒரு வழக்கத்தைத்தான் ரன்எஸ்டியுஅரே என்ற ஃபங்ஷனாக நூலகத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். அறைக்குள் அரேயைச் செய்து, நிரப்பி, அதையே விடையாகக் கொடுத்தால் போதும், வாசலில் அதுவே நகல் இல்லாமல் உறைய வைத்து வெளியே தரும். அரேயை வேறு எங்காவது ஒளித்து வைத்திருந்தால்கூட, ஒளித்த இடத்துக்கும் அதே எஸ் ஒட்டியிருக்கும், அதுவும் வெளியே வராது. நகலும் இல்லை, ஆபத்தும் இல்லை. பெரும்பாலான வேலைக்கு இதுவே போதும். ஒரே சங்கடம், அரேயோடு சேர்த்து இன்னொரு விடையும், உதாரணமாக மொத்த எண்ணிக்கையும், வேண்டும் என்றால் இதில் வழியில்லை. அப்போது கடைசி வரியில் கையால் அன்சேஃப்ஃப்ரீஸ் எழுதி இரண்டையும் ஜோடியாகத் தரலாம், அது நியாயமான இடம். ஹாஸ்கெலின் இன்னொரு அரே நூலகமான வெக்டரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு கிரியேட், கிரியேட்-டி என்று இரண்டு உண்டு, இரண்டாவது ஒன்றுக்கு மேற்பட்ட வெக்டர்களைப் பாதுகாப்பாக வெளியே தரும்.

எதிர்த்திசை, அன்சேஃப்தாவ், இதைவிட மோசம் என்பது என் கருத்து. உறைய வைக்கும்போதாவது அந்த அரேயை உண்டாக்கியது நாம்தான், யாரிடம் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். ஏற்கெனவே மாறாததாக இருக்கிற அரே யார் யார் கையில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு ஃபங்ஷனுக்குள் பூஜ்யம் நிரப்பிய அரேயை நீங்கள் எழுதுகிறீர்கள், அது ஃபங்ஷனின் உள்ளீட்டைச் சார்ந்ததில்லை என்று கம்பைலர் பார்த்தால் அதை வெளியே தூக்கிப் போட்டு ஒரே தடவை உண்டாக்கிப் பகிர்ந்துகொள்ளும். அதை அன்சேஃப்தாவ் செய்து எழுதினால், ஃபங்ஷனை இரண்டாவது முறை கூப்பிடும்போது பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் முதல் முறையின் எண்கள் இருக்கும். நீங்கள் எதையும் யாருக்கும் பகிரவில்லை, கம்பைலர் பகிர்ந்துவிட்டது. வெக்டரில் இருக்கிற மாடிஃபை இதற்கு நல்ல மாற்று, தேவைப்பட்டால் நகல் எடுக்கும், இப்போதுதான் பிறந்த வெக்டர் என்று அதற்குத் தெளிவாகத் தெரிந்தால் அதிலேயே எழுதும்.

க்ளோஜர் என்ற இன்னொரு மொழி இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. 1.1 பதிப்பில் ட்ரான்சியன்ட் என்று ஒன்றை, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடிய வடிவத்தை, கொண்டுவந்தார்கள். அங்கே வெக்டர் ஒரே நீளத் துண்டு இல்லை, கணுவுக்கு 32 கிளையாகப் பிரிகிற மரம், 10 லட்சம் உறுப்பு என்றாலும் நாலே நிலை. அதனால் மாறாததை மாறுவதாக்குவதும் திரும்ப மாறாததாக்குவதும் அளவு எதுவானாலும் ஒரே சின்னச் செலவு, தொட்ட கணு மட்டும் நகலாகும். எனக்கு மிகவும் பிடித்தது அதன் நேர்மை. பெர்சிஸ்டென்ட் என்று மூடிய பிறகு பழைய ட்ரான்சியன்டில் எழுதப் போனால் உடனே பிழை எறிந்து நிறுத்திவிடும். என் 60 அத்தியாயத் தவறு அங்கே இரண்டாவது அத்தியாயத்தின் முதல் எழுத்திலேயே பிடிபட்டிருக்கும். லீன் 4 என்ற மொழி இன்னொரு வழி, ஒரு அரேயை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஓடும்போதே எண்ணுகிறது, ஒருவர் மட்டும் என்றால் அதிலேயே எழுதும், இல்லையென்றால் நகல். விடை எப்போதும் சரி. தெரியாமல் இரண்டாவதாக ஒருவர் பிடித்திருந்தால் மட்டும் சத்தமில்லாமல் நகல் தொடங்கி வேகம் விழும்.

என் நிரலுக்குத் திரும்புகிறேன். முதல் திருத்தம் ஒரே சொல், அன்சேஃப்ஃப்ரீஸை எடுத்துவிட்டு ஃப்ரீஸ். அத்தியாயத்துக்கு ஒரு நகல், 60 முறை 128 கேபி, மொத்தம் 8 எம்பிகூட இல்லை. இந்த 8 எம்பியை மிச்சம் பிடிக்கத்தான் இரண்டு நாளைக் கொடுத்திருக்கிறேன். அதே நகல், எழுத்துக்கு ஒன்று என்று எடுத்தபோது 131 ஜிபி, அத்தியாயத்துக்கு ஒன்று என்று எடுத்தால் 8 எம்பி.

அதைக் கணக்குப் போட்ட பிறகுதான் முதல் நிரலையே வேறு கண்ணால் பார்த்தேன். இரட்டைச் சாய்கோடு வலது பக்கம் ஒரு பட்டியலைத்தான் கேட்கிறது! ஓர் அழைப்புக்கு ஒரு நகல், பட்டியலில் ஒரு மாற்றம் இருந்தாலும் ஒரு நகல், லட்சம் மாற்றம் இருந்தாலும் ஒரு நகல். நான் அதற்கு ஒவ்வொரு மாற்றமாக ஊட்டிக்கொண்டிருந்தேன். மதிப்பைக் கூட்டிச் சேர்க்கும் வேலைக்கு அதன் பக்கத்திலேயே அக்கும் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அன்பாக்ஸ்டு அரேக்கு அது உள்ளே செய்வது நான் எழுதியதைத்தான்: ஒரு முறை நகல், அதில் எல்லா மாற்றமும், நகல் இல்லாமல் உறைய வைத்துத் திருப்பித் தருவது. அத்தியாயங்களின் பட்டியல் மேல், ஒவ்வொரு படியின் விடையையும் எடுத்து வைத்துக்கொண்டே போகும் ஸ்கேன்-எல் வைத்து, முந்தைய அத்தியாயத்தின் அரேயோடு இந்த அத்தியாயத்தின் ஜோடிகளை அக்கும் செய்தால், 60 நகல், 60 எண்ணிக்கை, வேலை முடிந்தது. எஸ்டி இல்லை, ஃப்ரீஸ் இல்லை, அன்சேஃப் இல்லை. இப்போது நிரலில் இருப்பது அந்த நான்கு வரிகள்தான். ஜோடிப் பட்டியலை உருவாக்குவதால் கையால் எழுதிய எஸ்டி சுற்றைவிடக் கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வேன், ஏனென்றால் ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் படித்தவுடன் புரியும்.

அடுத்து மூன்றெழுத்துத் தொடர்களை எண்ண ஆசை. 128-ஐ மூன்று முறை பெருக்கினால் 20,97,152 கட்டம், ஒரு அட்டவணை 16 எம்பியைத் தாண்டுகிறது, 60 அத்தியாயத்துக்கும் எடுத்து வைத்தால் 1 ஜிபி. அங்கே அத்தியாயத்துக்கு ஒரு முழு நகல் என்பது இனி சும்மா விடக்கூடிய செலவு இல்லை. அதில் பெரும்பாலான கட்டம் கடைசி வரை பூஜ்யமாகவே இருக்கும், மெய்யெழுத்துப் புள்ளிக்குப் பின் துணைக்கால் வரவே வராதே. அதனால் மாறும் அரே ஒன்றை மட்டும் அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அத்தியாயத்திலும் மாறிய கட்டங்களை மட்டும் ஒரு சின்ன இன்ட்மேப்பாக, அதாவது கட்ட எண்ணுக்கு எதிரே மதிப்பை வைக்கும் அகராதியாக, வெளியே எடுக்கலாமா என்று இப்போது முயன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.